ஓல்டனில் இருபத்திரண்டு நிமிடம்

கடையின் பின்கதவைத் திறக்கும்போது
நாலு ஐம்பது.
உறைந்த கிப்ஃபெலிகளைத் தட்டில் அடுக்குகிறேன்,
ஒரு தட்டுக்கு முப்பத்தாறு.
வெதுப்பி சூடாகிற பதினொரு நிமிடத்துக்குள்
ரசீதுச் சுருளைக் கிழித்து
ஓர் உத்தரம் வரைகிறேன்:
இடது முனைக்கு முக்கோணம்
வலது முனைக்கு உருளை
நடுவே தலைகீழாய் ஓர் அம்பு,
பன்னிரண்டு கிலோநியூட்டன்.
எந்தக் கால் எவ்வளவு தாங்கும்?

முதல் ஆள் கண்ணாடியில் தட்டுகிறார்.
அவருக்கு எப்போதும் பாதிப் பாண், வெட்டாமல்.
திரும்பி வந்தால்
வெதுப்பியின் மேல் வைத்த தாள்
சூட்டில் முழுக்கக் கறுத்துப் போயிருக்கிறது,
அம்பும் இல்லை, காலும் இல்லை.

புர்க்டோர்ஃபில் என் வகுப்பில்
எல்லோருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு.
எனக்கு முப்பத்துமூன்று.
புதன் இரவு சேர்ந்து படிப்போம் என்கிறான் ரேட்டோ.
புதன் இரவு எனக்குச் சரக்கு எண்ணும் நாள்.
வெள்ளி என்கிறாள் உர்சினா.
வெள்ளி என்று நானும் சொல்கிறேன்,
சொல்லும்போதே தெரிகிறது
வரமாட்டேன் என்று.
நிலையியலில் ஏற்கெனவே ஒருமுறை விழுந்தாயிற்று.
நாளைக் காலை
இரண்டாம் தரம்.

டிலக்சனாவின் மகளுக்குப் பல் முளைத்தபோது
படத்துக்கு ஓர் இதயம் அனுப்பினேன்.
இப்போது அந்தப் பிள்ளைக்கு ஆறு பல்.
பிறந்தநாள் மண்டபத்துக்கு
கேக் வெட்டி முடிந்த பிறகுதான் போனேன்,
பலூன்களை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்கள்.
அதற்குப் பிறகு அவள் அழைக்கவில்லை.
நானும் அழைக்கவில்லை.
அழைக்க நேரமில்லை என்று எழுதினால்
பாதிதான் உண்மை.

ஆறு பத்து ரயில்.
லாங்கெந்தால் வரை இருபத்தைந்து நிமிடம்,
அதற்குள் மூன்று கணக்கு என்று கொப்பியை விரித்தது
ஞாபகம் இருக்கிறது.
வைனிகன் தாண்டியது ஞாபகமில்லை.
ஹெர்சோகன்புக்சே ஞாபகமில்லை.

கண் விழித்தால் ஓல்டன்,
காலையில் பாண் விற்ற அதே ஓல்டன்.
எதிர் இருக்கையில்
பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவளின் வெள்ளைச் சப்பாத்தோடு
டிலக்சனா.

"பக்கத்தில இருந்தனியா? ஏன் எழுப்பேல்லை?"
"எழுப்பியிருந்தா
லாங்கெந்தாலில இறங்கிப் போயிருப்பாய்."
பிறகு கொஞ்சம் பொறுத்து,
"குறட்டை வேற விட்டனி."

திரும்பிப் போகிற ரயிலுக்கு
இருபத்திரண்டு நிமிடம்.
அவள் வீடு நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்தான்,
போகாமல் நின்றாள்.
விற்காத கிப்ஃபெலிகள் என் பையில் நாலு இருந்தன.
பெஞ்சில் இருந்து சாப்பிட்டோம்,
ஆறின பிறகு அது இறப்பர்.
பிள்ளை இப்போது எல்லாவற்றையும் "நாய்" என்கிறதாம்,
ரயிலும் நாய், மாமியாரும் நாய்.
சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்தது.

"இது என்ன கணக்கு?" கொப்பியைப் புரட்டினாள்.
"பாலம் விழாமல் இருக்கிறதுக்கு."
"விழுந்தா?"
"மூன்றாம் தரம் எழுத விடமாட்டாங்கள்."
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
என் சட்டையில் ஒட்டியிருந்த துகள்களை
ஒவ்வொன்றாய்த் தட்டிவிட்டாள்.
பறவைகள் இல்லாத மேடையில்
அவை கிடந்தன.

ரயில் வந்தது. ஏறினேன்.
கதவு மூடிய பிறகுதான் பார்த்தேன்,
மிச்சக் கிப்ஃபெலிப் பையோடு சேர்த்து
என் கொப்பியும் அவளிடம்.

இப்போது மணி பதினொன்று.
குளியலறைத் தொட்டியின் விளிம்பில் இருந்துகொண்டு
கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு
ஒவ்வொரு பக்கமாய்ப் படம் எடுத்து அனுப்புகிறாள்.
ஏழாம் பக்கத்தில் வெண்ணெய்க் கறை.
ஒன்பதில் சின்னதாய் ஒரு பேனாக் கிறுக்கல்,
அது என்னுடையது அல்ல,
நாயாக இருக்கலாம்.
பதினொன்றில் அவளுடைய கட்டைவிரல்
சட்டத்துக்குள் வந்து
வலது கால் தாங்கும் எடையை
மறைத்துக்கொண்டு நிற்கிறது.